பச்சை விளக்கும் புதுக்கயிறும்

அந்த ஃபேனுக்கு நேரா உக்காராதீங்க தாயி. அது காத்த விடத் தூசியத்தான் அதிகமா எறக்குது. இப்படி இந்தப் பக்கம் வாங்க. பையக் குடுங்க, நான் கீழ வச்சிருதேன். இருக்கட்டும், இருக்கட்டும். சும்மாதான உக்காந்திருக்கேன்.

நீங்க எக்ஸ்ரேவுக்கா? அப்ப அந்த வலது பக்கத்துக் கதவு. உள்ள இருக்க பொண்ணு டோக்கன் நம்பரச் சொல்லிக் கூப்பிடும். வாய்க்குள்ளேயே கூப்பிடும், நமக்குத்தான் காது வேணும். எனக்குக் காது நல்லாக் கேக்கும். உங்க நம்பர் வந்தா நானே சொல்றேன். வீட்டுக்காரர் வரலையா? டீ குடிக்கக் கீழ போயிருக்காரா. போகட்டும். ஆம்பளைக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது. நானும் காலையில ஒரு டீ வாங்குனேன், பாருங்க, ஆடை கட்டிப்போய் அப்படியே இருக்கு. குடிக்கணும்னு தோணல. கொட்டணும்னும் தோணல.

எம் பொண்டாட்டி இந்த இடது பக்கத்துக் கதவுக்குள்ள இருக்கா. பூச்செண்டுன்னு பேரு. உள்ள சுரங்கம் மாதிரி ஒரு மெஷினு இருக்காம். ஆளப் படுக்க வச்சு உள்ள தள்ளித் தலையப் படம் புடிக்கணுமாம். நெஞ்சுல இருக்கிறது தலைக்கு ஏறிருச்சா இல்லையான்னு பார்க்கவாம். என்ன இருக்குன்னு கேக்காதீங்க. டாக்டரம்மா பேரச் சொன்னாங்க, நான் அந்தப் பேர வாயில எடுக்கிறதில்ல.

இன்னும் படுக்க வைக்கல. ஒரு மஞ்சக்கிழங்குத் துண்டுக்காக நிக்குது.

அதாவது, அந்த மெஷினு பெரிய காந்தமாம். உடம்புல ஊசி முனையளவு இரும்பு இருக்கக்கூடாது, தங்கமும் கூடாதுன்னுட்டாங்க. தோட்ட எடுத்தாச்சு, மூக்குத்திய எடுத்தாச்சு. வளையல் கழண்டு வரும், அவ கை இப்ப அப்படித்தான் இருக்கு. தாலி மட்டும் நிக்குது. "எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாளாம். அங்க வேலை பார்க்கிற ஆயாம்மா வந்து கேட்டுச்சு. நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? ஒரு மஞ்சத் துண்ட நூல்ல முடிஞ்சு கழுத்துல ஏத்திட்டு, அப்புறமா தாலிய எறக்குங்கன்னேன். கழுத்து ஒரு நிமிசம் கூட வெறுமையா இருக்கக்கூடாது. மகள், இந்திராணின்னு பேரு, அவளத்தான் கடைக்கு அனுப்பியிருக்கேன். பெரிய டவுனு. ஆஸ்பத்திரி வாசல்ல ஆப்பிள் கிடைக்குது, ஆரஞ்சு கிடைக்குது, ஒரு விரலி மஞ்சள் கிடைக்கல போலிருக்கு.

ஆயாம்மா மொணங்கிட்டுத்தான் போனா. "இன்னைக்கு உங்க நேரம் போச்சுன்னா அடுத்த மாசம்தான்யா"ன்னா.

இதெல்லாம் மூடப்பழக்கம்னு நினைப்பீங்க. இல்ல தாயி. கண்ணால பார்த்தவன் நான். எங்க அண்ணன் பனைமரம் மாதிரி ஆளு. ஒரு ஆடிப்பெருக்குக்கு எங்க மதினி கயிறு மாத்துனா. புதுக்கயிற ஏத்திட்டுத்தான பழச எறக்கணும்? இவ அவசரக்காரி. பழச எறக்கிட்டா, புதுக்கயிறு சிக்கு விழுந்திருச்சு. சிக்க எடுத்துக்கிட்டே, பேசிக்கிட்டே, அடுப்ப வேற பார்த்துக்கிட்டே இருந்திருக்கா. வெறுங்கழுத்தோட. அடுத்த ஆடிக்குள்ள அண்ணன் இல்ல. மாரடைப்புன்னு டாக்டர் எழுதுனான். எங்களுக்குத் தெரியும் என்னன்னு.

நான் சாவுக்குப் பயப்படுறவன் இல்ல. அத நீங்க தப்பா நினைக்கக்கூடாது. வழக்கம் வழக்கம்தானங்கிறேன்.

எனக்குத் தொழில் ஆட்டுத் தரகு. சந்தையில விக்கிறவனுக்கும் வாங்கிறவனுக்கும் நடுவுல நிக்கிற ஆளு. காத்தமுத்துன்னு எங்க பக்கத்துச் சந்தையில கேட்டுப் பாருங்க. தராசெல்லாம் எனக்கு வேண்டாம். ஆட்டு நடுமுதுகுல இந்த ரெண்டு விரல வச்சு ஒரு அமுக்கு அமுக்குனா, கறி இவ்வளவு தேறும்னு சொல்லிடுவேன். அறுத்து நிறுத்தா அதுவாத்தான் இருக்கும். இருமுற ஆடு, தீவனத்துல மனசில்லாத ஆடு, உள்ளுக்குள்ள இளைக்கிற ஆடு, எல்லாம் சந்தைக்குள்ள நுழையிறப்பவே எனக்குத் தெரிஞ்சு போகும். "காத்தமுத்தண்ணே கண்ணு எக்ஸ்ரே கண்ணு"ம்பானுங்க.

ஆனா இந்தக் கதை ஆட்டப் பத்தினது இல்ல. மெஷினப் பத்தினது.

போன ஆடியில எங்க தெருவுக்கு ஒரு வேன் வந்துச்சு. எங்க ஊருப் பொம்பளைங்க முக்காவாசிப் பேரு பேண்டேஜ் தறிக்குப் போறவங்க. காயத்துக்குச் சுத்துற வெள்ளைத் துணி இருக்கில்ல, அது எங்க பக்கத்துத் தறியில ஓடுறதுதான். இங்க மேல வார்டுல சுத்தியிருக்கிறது கூட பூச்செண்டு ஓட்டுனதா இருக்கலாம், யாரு கண்டா? தறிக்கூடத்துல பஞ்சு பறக்கும். இருமாத பொம்பள கிடையாது. அதுனால டிபி இருக்கான்னு பார்க்க ஒரு ட்ரஸ்ட்டுக்காரங்க வேன்லயே எக்ஸ்ரே வச்சுக் கொண்டாந்தாங்க. காசு கிடையாது. மைக்குல ஒருத்தன், "படம் எடுத்த கையோட ரிசல்ட்டு! கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிரும்! டாக்டருக்குக் காத்திருக்க வேண்டாம்!"னு கத்திக்கிட்டே வந்தான். ஏஐயாம் அதுக்குப் பேரு. ஐஸ் வண்டிக்குப் போற மாதிரி சனம் போச்சு.

உள்ள படம் புடிக்கிற பொண்ணு பேரு மெர்லின். நாகர்கோயில் பக்கம். நல்ல பொண்ணு, நாள் பூரா நின்னு நின்னு கால் வீங்கிப் போயி வேலை பார்த்துச்சு. பூச்செண்டு முறை வந்தப்ப நான் வேன் படிக்கட்டுல கையப் புடிச்சு ஏத்திவிட்டு அங்கேயே நின்னேன்.

"அம்மா, கழுத்துல இருக்கிறத எல்லாம் எடுத்துருங்க"ன்னுச்சு அந்தப் பொண்ணு.

எனக்குச் சுருக்குன்னுச்சு. "எத எடுக்கச் சொல்ற?"

"தாலியத்தான் ஐயா. படத்துல விழும்."

"விழட்டும். நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். நான் இருக்கையில அவ எதுக்குக் கழட்டணும்?"

வரிசையில நின்ன பொம்பளைங்க எல்லாம் கொல்லுனு சிரிச்சாங்க. "அண்ணனுக்கு இப்பத்தான் மதினி மேல ஆசை பொங்குது"ன்னு ஒருத்தி.

அந்தப் பொண்ணு கோவிக்கல. "கழட்ட வேண்டாம் ஐயா. அப்படியே மேல தூக்கி வாயில கவ்விக்கிடட்டும். ஒரு நிமிசம்தான். காலையில இருந்து நிறையப் பேரு அப்படித்தான் எடுத்தாங்க."

பூச்செண்டு கயிறப் புடிச்சுத் தூக்கிட்டா கூட. புதுக்கயிறு, ஆடிப்பெருக்குக்குக் கட்டுனது, மஞ்சள் இன்னும் வெளுக்கல. அதுல என்னென்ன தொங்கும்? தாலி, ரெண்டு பக்கமும் காசு, குண்டு, மணி, அது போக ஊக்கு ஒரு கொத்து. சேலைக்கு ஒண்ணு, ரவிக்கைக்கு ஒண்ணு, எங்காலுல முள்ளு எடுக்க ஒண்ணு. எல்லாத்தையும் சேர்த்து வாய்கிட்டக் கொண்டு போயிட்டா.

"எச்சில் பண்ணாதடி"ன்னேன். அப்புறம் அந்தப் பொண்ணப் பார்த்து, "உங்கழுத்துல சிலுவை கிடக்கே, நீ கவ்வுவியா?"ன்னு கேட்டுட்டேன்.

அது முகம் கொஞ்சம் சுருங்குச்சு. பூச்செண்டு, "விடுங்களேன், கவ்விக்கிடுறேன், இதுல என்ன இருக்கு?"ன்னா. "சும்மா இருடி"ன்னேன். அவ கயிற விட்டுட்டா. விட்டாளா, அது நெஞ்சுல போயி சலக்குனு விழுந்துச்சு.

அந்தப் பொண்ணு வரிசையப் பார்த்துச்சு. வரிசை கோயில் வரைக்கும் நிக்குது. "சரி, இருக்கட்டும்மா. மெஷினுக்கு இப்ப தாலி தெரியும்"னுச்சு.

"அதெப்படி தெரியும்?"னேன்.

"முதல்ல தாலியப் பார்த்தாலே சிவப்பு போட்டுச்சு ஐயா. தெருத்தெருவா சிவப்பு. டாக்டருக்கு வேலை தாங்கல. அப்புறம் நம்ம பக்கத்துப் படமா நிறையக் காட்டி, இதெல்லாம் தாலி, இத விட்டுருன்னு பழக்கிட்டாங்க. இப்ப அது கண்டுக்கிடாது."

"பார்த்தீங்களா, மெஷினுக்கு இருக்கிற மரியாத கூட மனுசருக்கு இல்ல"ன்னு வரிசையப் பார்த்துச் சொன்னேன். மறுபடியும் சிரிப்பு. அன்னைக்கு எனக்கு நல்ல நாளு தாயி. நான் சொன்னதுக்கெல்லாம் சிரிச்சாங்க.

பச்சை விளக்கு எரிஞ்சுச்சு. பச்சைன்னா வீட்டுக்குப் போகலாம், சிவப்புன்னா ஆஸ்பத்திரிக்கு. போன்லயும் ஒரு மெசேஜ் வந்துச்சு, "நெஞ்சு நன்று"ன்னு. "டாக்டர் யாரும் பார்க்க மாட்டாரா?"ன்னு ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "சிவப்ப மட்டும் டாக்டர் பார்ப்பார் ஐயா. பச்சைய யாரும் பார்க்கிறதில்ல"ன்னுச்சு. நல்லதுதான, நோயில்லாதவ படத்த எதுக்கு டாக்டர் பார்க்கணும்னு எனக்குப் பட்டுச்சு.

எங்க வீட்டுக்கு எதிர்வீடு முத்துப்பேச்சி. புருசன் போயிச் சேர்ந்து வருசக்கணக்காச்சு. கழுத்துல ஒரு கறுப்புக் கயிறு கூடக் கிடையாது. அவளுக்குச் சிவப்பு. வேன விட்டு எறங்குறப்ப பொம்பளைங்க வழி விட்டாங்க பாருங்க, தீட்டுக்காரிக்கு விடுற மாதிரி. அழுதுக்கிட்டே போனா. நான் அன்னைக்கு டீக்கடையில சொன்னேன்: "தாலி ஒரு காவல்யா. காவல் இருக்கிற நெஞ்சுல பச்சை எரியுது, காவல் இல்லாத நெஞ்சுல சிவப்பு எரியுது. மெஷினுக்கே தெரியுது." எல்லாரும் தலையாட்டுனாங்க.

ஏன் தாயி அப்படிப் பார்க்கிறீங்க? ஊருல பேசுறதுதான இது.

முத்துப்பேச்சிக்கு டிபிதான். மாத்திரை குடுத்தாங்க. முழுங்கி முழுங்கி இப்ப தேறிட்டா. கன்னம் வச்சுருச்சு, தறிக்குப் போறா. நல்லா இருக்கட்டும்.

பூச்செண்டுக்கு இருமல் நிக்கல. ஐப்பசி மழைக்கு அப்புறம் கூடிப் போச்சு. தறி ஓட்டிக்கிட்டு இருக்கிற பொம்பள இருமாம என்ன செய்வாங்கிறேன். ரவிக்கையெல்லாம் ரெண்டு பக்கமும் புடிச்சுத் தைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா ஒருநாள். "என்னடி, குமரியாகப் பார்க்கிறியா?"ன்னு கேட்டேன். சிரிச்சா. சிரிச்சா இருமல் வரும், அதனால பாதிச் சிரிப்புதான். சாப்பாட்டுல பாதிய என் தட்டுல தள்ளுவா. "எனக்குப் போதும், நீங்க சந்தைக்குப் போறவரு"ம்பா.

ஒருதடவை இல்ல, பலதடவை கேட்டா. "பெரியாஸ்பத்திரியில ஒருக்கக் காட்டுவமா?"

நான் போன எடுத்துக் காட்டுவேன். "இந்தா பாரு. நெஞ்சு நன்று. கம்ப்யூட்டரே சொல்லிருச்சு, இதுக்கு மேல மனுசன் என்னத்தப் புதுசாச் சொல்லப் போறான்? இது பஞ்சு இருமல். வெல்லத்தப் போட்டு மிளகுத் தண்ணி குடி."

குடிச்சா. சொன்னா கேக்கிறவதான்.

அந்த மெசேஜ நான் ஊரு பூராக் காட்டியிருக்கேன். சந்தையில ஒருத்தன் இருமுனா, "வேன் வந்தா போயி நில்லு, எங்க வீட்டுல பச்சை"ம்பேன்.

தை பொறந்தப்பத்தான். தறியில நிக்கிறப்ப இருமியிருக்கா. வெள்ளைத் துணி ஓடிக்கிட்டே இருக்கு, அதுல சிவப்பாத் தெறிச்சிருச்சு. துணி நிக்காது பாருங்க, ஓடிக்கிட்டே இருக்கும். தெறிச்சது அப்படியே ஓடி உருளையில சுத்திக்கிருச்சு. மேஸ்திரி துணி வீணாப் போச்சுன்னு சத்தம் போட்டானாம். இவ அத அறுத்து எடுத்து மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு வீட்டுக்கு வந்தா. என்கிட்டக் காட்டல. முத்துப்பேச்சிகிட்டக் காட்டியிருக்கா. முத்துப்பேச்சிதான் என் வீட்டு வாசல்ல வந்து நின்னு, "காத்தமுத்தண்ணே, நாளைக்கு சந்தைக்குப் போகல நீ. மதினியக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போற"ன்னா. கேக்கல, சொன்னா. நானும் சரின்னேன்.

இங்கதான் வந்தோம். டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையான பொண்ணு. முதுகுலயும் நெஞ்சுலயும் குழாய வச்சுப் பார்த்துட்டு, "முன்னாடி படம் எடுத்திருக்கீங்களா?"ன்னாங்க. நான் பெருமையாத்தான் சொன்னேன், "எடுத்தோம், பச்சை"ன்னு. அவங்க எங்கேயோ போன் பண்ணி அந்தப் பழைய படத்த வாங்கி கம்ப்யூட்டர்ல போட்டாங்க. பக்கத்துல இங்க எடுத்த புதுப் படத்தையும் போட்டாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"ஐயா, இங்க பாருங்க. இந்த வெள்ளையாத் தெரியுறது தாலி, காசு, ஊக்கெல்லாம். அதுக்குப் பின்னாடி ஓரமா இங்க மங்கலா ஒண்ணு தெரியுதா?"

எனக்கு எல்லாம் மங்கலாத்தான் தெரிஞ்சுச்சு.

"அப்பவே இருந்திருக்கு. சுண்டக்காய் அளவு. தாலிக்குப் பின்னாடி இருந்திருக்கு."

அப்புறம் புதுப் படத்தக் காட்டுனாங்க. அத நான் பார்க்கல. சுவத்துல ஒரு காலண்டர் தொங்குச்சு, அதப் பார்த்துக்கிட்டிருந்தேன். பூச்செண்டு பார்த்தா. உத்துப் பார்த்தா. தறியில நூல் அந்து போச்சுன்னா எங்க அந்துச்சுன்னு தேடுற மாதிரி.

நான் கேட்டேன். நியாயமாத்தான தாயி கேட்டேன்? "அவ்வளவு பெரிய மெஷினு, அதுக்குத் தாலிக்குப் பின்னாடி எட்டிப் பார்க்கத் தெரியாதா?"

"அதுக்கு எட்டிப் பார்க்கத் தெரியாது ஐயா. பழக்குனதத்தான் பார்க்கும். அந்த இடத்த விட்டுருன்னு பழக்கியிருக்காங்க, விட்டுருச்சு. இதே படத்த ஒரு ஆளு பார்த்திருந்தா, தாலிய ஒதுக்கிட்டு இன்னொரு படம் எடுங்கன்னு சொல்லியிருப்பாங்க."

"அப்ப ஏன் ஆளு பார்க்கல?"

டாக்டரம்மா கண்ணாடியக் கழட்டித் துடைச்சாங்க. "பார்க்க ஆளில்லன்னுதான் ஐயா மெஷினே வந்துச்சு. அது வந்ததுல நிறைய சனம் பொழைச்சிருக்கு. அதுவும் உண்மைதான்." கண்ணாடிய மாட்டிக்கிட்டு, "ஆனா பச்சையையும் யாராவது பார்த்திருக்கணும்"னாங்க.

நான் விடல. ட்ரஸ்ட்டு ஆபீசுக்குப் போனேன். அங்க ஒரு பொறுப்பாளர், வெள்ளைச் சட்டை, தண்ணி குடுத்து உக்கார வச்சார். "வருத்தமா இருக்குங்க. மெஷின் நாங்க செஞ்சது இல்ல, வாங்கினது. அதுவும் டாக்டருக்கு உதவிக்குத்தான்"னார். "எங்களுக்கு டாக்டர் யாரு?"ன்னேன். மெஷினு கம்பெனிக்குப் போன் போட்டுக் குடுத்தார். அந்தப் பக்கம் ஒரு பையன் கொஞ்சுற தமிழ்ல, "சார், கடைசியா ஒரு டாக்டர் கண்டிப்பா பார்க்கணும்னு சொல்லித்தான் நாங்க குடுத்திருக்கோம்"னான். டாக்டர் யாருன்னு கேட்டா, அவருக்குச் சிவப்பு மட்டும்தான் வருமாம். பச்சை எதுவும் அவரு கண்ணுக்கே போகலையாம். மெர்லின் பொண்ணையும் பார்த்தேன். அது ஒண்ணு மட்டும்தான் அழுதுச்சு. "நான் படம் எடுக்கிறவ ஐயா. நான் சொன்னேன்ல..."னு ஆரம்பிச்சுச்சு. அப்புறம் என் முகத்தப் பார்த்துட்டு நிறுத்திக்கிருச்சு.

என்னத்தச் சொன்னுச்சுன்னு எனக்கு ஞாபகமில்ல.

சந்தையில காலொடிஞ்ச ஆடு ஒண்ணு நடுவுல கிடந்துச்சுன்னு வைங்க. யாருதுய்யான்னு கேட்டா, எல்லாரும் பக்கத்து ஆளக் காட்டுவான். அவன் அதுக்கும் பக்கத்து ஆளக் காட்டுவான். ஆடு கிடந்து கத்திக்கிட்டே இருக்கும். அப்படித்தான் இருந்துச்சு எனக்கு. கடைசியா அந்த வெள்ளைச் சட்டைக்காரர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "எனக்குப் படிப்பு கிடையாதுங்க. ஒரே ஒரு விசயம் சொல்லுங்க. எம் பொண்டாட்டி படத்த யாருதான் பார்த்தது?"

அவரு ஃபேனப் பார்த்தாரு.

யாருமே பார்க்கல தாயி. அத்தனை மாசம். ஒரு மனுசர் கூடத் திரும்பிப் பார்க்கல. வரிசையில ஏறுனா, எறங்குனா, பச்சை. அவ்வளவுதான். கூடவே இருந்து பார்த்துக்கிட, அவளுக்கு யாரு...

சரி விடுங்க.

வீட்டுக்கு வந்து பூச்செண்டுகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். இவன் இப்படிச் சொன்னான், அவன் அப்படிச் சொன்னான்னு. அவ முத்துப்பேச்சி கொண்டாந்த கீரைத் தண்ணியக் குடிச்சுக்கிட்டே கேட்டா. "ம்"னா. முத்துப்பேச்சிதான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, "என்னைய மெஷின் காட்டிக் குடுத்துச்சு அண்ணே. மதினியக் காட்டிக் குடுக்க ஆளில்லாமப் போச்சு"ன்னா. எனக்குக் கோவம் வரும்னு நினைச்சேன். வரல. இப்பெல்லாம் எதுவும் வர மாட்டேங்குது. போன வாரம் சந்தைக்குப் போனேன். ஒரு கிடாய் முதுகுல கைய வச்சேன். வச்ச கைய எடுக்கவும் தோணல, எடை சொல்லவும் தோணல. "அண்ணே, சொல்லுண்ணே"ன்னு அவன் கேக்கிறான். நான் கைய வச்சுக்கிட்டு நிக்கிறேன். மயிரு இருக்கு, எலும்பு இருக்கு. ஒரு கணக்கும் வரல.

இங்கேயும் அந்த ஏஐதான் முதல்ல படத்தப் பார்க்குதாம், தெரியுமா? அந்தா போர்டு போட்டிருக்கு பாருங்க, உங்க கதவு மேலதான். இந்திராணி வாசிச்சுச் சொன்னா. அப்புறம் டாக்டரும் பார்ப்பாங்கன்னும் போட்டிருக்காம். போட்டிருக்கு. பார்க்கிறாங்களா இல்லையான்னு யாரு போயிக் கேக்கிறது?

உங்க டோக்கன் இன்னும் வரல. நான் காத அங்கதான் வச்சிருக்கேன், பயப்படாதீங்க.

இந்திராணிய இன்னும் காணோம். ஒரு விரலி மஞ்சளுக்கு எவ்வளவு தூரம் போவா? வந்துருவா. வந்ததும் நூல்ல முடிஞ்சு உள்ள குடுத்துட்டா முடிஞ்சுச்சு. வெறுங்கழுத்தா மட்டும் இருந்துறக்கூடாது. அது ஒண்ணுதான் நான் கேக்கிறது. பெரிசா ஒண்ணும் கேக்கலையே?

இருங்க, கதவு திறக்குது. ஆயாம்மா.

"என்னம்மா, நேரமாச்சா? எம் மக இப்ப வந்துருவா, கொஞ்சம்..."

"மக வரவேண்டாம்யா. அம்மா படுத்தாச்சு. உள்ள தள்ளியாச்சு."

"படுத்தாச்சா? தாலியோடயா?"

"தாலியோட எப்படிய்யா தள்ளுறது? இந்தாங்க. கையப் புடிங்க."

...

"நான் மஞ்சத் துண்டு வரட்டும்னு சொன்னேன்ல?"

"சொன்னேன் அவங்ககிட்ட. 'இனிமே கேக்க வேண்டாம்'னு அவங்களே தலை வழியா உருவிக் குடுத்துட்டாங்க. பத்திரமா வச்சுக்கிடுங்க. ஊக்கெல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துக்கிடுங்க, அப்புறம் எங்க மேல பழி வரக்கூடாது."

"வேற என்ன சொன்னா?"

"அவரு வெளிய தனியா உக்காந்திருப்பாரு, சாப்பிட்டாரான்னு கேட்டாங்க."

போயிட்டா. கதவு சாத்திக்கிருச்சு. கேக்குதா தாயி, உள்ள டமடமன்னு இடிக்குதே, அதான் மெஷினு. தறிச் சத்தம் மாதிரியே இல்ல? அவளுக்குப் பழகுன சத்தம்தான். தூங்குனாலும் தூங்கிருவா.

இது எல்லாம் இருக்கு. தாலி இருக்கு. காசு ரெண்டு, குண்டு, மணி. ஊக்கு. இது முள்ளு எடுக்கிற ஊக்கு, முனை கொஞ்சம் வளைஞ்சிருக்கும், இதுதான். கயிறு வெளுத்துப் போச்சு. ஆடியில போட்ட கயிறு. கழுத்துச் சூடு இன்னும் இருக்கு பாருங்க. இல்ல, எங்கைச் சூடா தெரியல.

எடை தெரிய மாட்டேங்குது.

பையில போட்டா தப்பு. கீழ வைக்க முடியாது. கையிலேயே வச்சிருக்கேன்.

அவ கழுத்து இப்ப வெறுங்கழுத்து. நானும் இருக்கேன். மூச்சு வருது, போகுது. காது கேக்குது. ஒண்ணும் ஆகல. அந்த ஃபேன் அப்படியே சுத்துது. டீ அப்படியே இருக்கு.

தாயி, உங்க நம்பரக் கூப்பிடுது. இல்ல, உங்க நம்பர்தான், எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு. எந்திரிங்க. பைய நான் பார்த்துக்கிடுறேன்.

ஒரு நிமிசம். கழுத்துல கிடக்கிறத எடுத்துட்டுப் போங்க. அந்தப் பொண்ணு எடுக்கச் சொல்லலைன்னாலும் எடுத்துருங்க. மனசு வரலையா, வாயில கவ்விக்கிடுங்க. ஒரு நிமிசம்தான். எச்சிலானா என்ன, கழுவுனாப் போகுது. படம் எடுத்து முடிச்சதும் இத யாரு பார்ப்பாங்க, எந்த டாக்டர் பார்ப்பாங்கன்னு பேரக் கேளுங்க. பச்சைன்னு சொன்னாலும் கேளுங்க. பச்சைன்னு சொன்னாத்தான் கேக்கணும்.

வீட்டுக்காரரா? அவரு டீ குடிச்சுட்டு மெதுவா வரட்டும். அவர்கிட்ட எதுக்குக் கேக்கிறீங்க? போங்க தாயி. வந்து ஏன் கழட்டுனன்னு சத்தம் போட்டாருன்னா, என்னையக் கை காட்டுங்க. இங்கதான இருக்கேன், குத்துக்கல்லாட்டம்.